மெய்நிகர் உலகில் கிறிஸ்து பிறப்புப் பண்டிகை: உடையும் இல்லமும்
(ஓர் இறையியல் திறனாய்வு)

கிறிஸ்து பிறப்புப் பண்டிகைக்கென ஆடை வாங்குவதையும் இல்லத்தை அலங்கரிப்பதையும் குறித்து நம் பிரசங்க மேடைகளில் ஆண்டுதோறும் பேசப்படுகிறது. ஆடம்பரம் கண்டிக்கப்படுகிறது, எளிமை போற்றப்படுகிறது, பின்னர் எல்லாரும் புத்தாடை அணிந்தே ஆலயத்துக்கு வருகிறோம். இக்கண்டனமும் இவ்வழக்கமும் ஒன்றையொன்று தொடாமலே நெடுங்காலமாக நடந்து வருவதை ஆயர்கள் அறிவர். எனினும் கடந்த இருபது ஆண்டுகளுக்கு மேலாக இவ்வலங்காரம் புதியதோர் இடத்திலும் வேரூன்றியிருக்கிறது. கணினித் திரையில் மட்டுமே காணத்தக்க உலகங்களில் மக்கள் தமக்கென ஓர் உருவத்தை அமைத்துக்கொண்டு, அதற்குப் பண்டிகை உடை உடுத்தி, அது குடியிருக்கும் வீட்டில் மரம் நாட்டி விளக்கேற்றுகிறார்கள். இதற்காக உண்மையான பணத்தைச் செலவிடுகிறார்கள். பல மணி நேரம் உழைக்கிறார்கள். இதனை எங்ஙனம் மதிப்பிடுவது?

“பொய்யுலகம், வீண் விளையாட்டு” என்று ஒரே சொல்லில் தள்ளிவிடுவது எளிது. ஆனால் அத்தீர்ப்பு இரு காரணங்களால் போதாது. முதலாவது, அங்கே செலவாகும் உழைப்பும் பணமும் அன்பும் பொய்யானவை அல்ல. இரண்டாவது, உடலையும் உடையையும் வீட்டையும் பற்றிய கேள்வி கிறிஸ்து பிறப்பின் நற்செய்திக்குப் புறம்பானதன்று. அதன் நடுவிலேயே உள்ளது. வார்த்தையானவர் மாம்சமானார் என்று அறிக்கையிடும் திருச்சபை, தாமே அமைத்துக்கொள்ளும் உடல்களைக் குறித்து ஏதேனும் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறது. அவ்வுலகின் குறை அது உண்மையற்றது என்பதில் இல்லை. அங்கே உடல் முதல் பொழுது வரை அனைத்தும் அவரவர் தெரிந்தெடுப்பாகவே இருக்கின்றன என்பதில்தான் உள்ளது. இதுவே இக்கட்டுரையில் நாம் விளக்க விழையும் கருத்து.

1. அவ்வுலகின் அமைப்பு

பொதுப்படப் பேசுவதை விடுத்து ஓர் உலகத்தை எடுத்து நோக்குவோம். அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ நகரில் பிலிப் ரோஸ்டேல் என்பவர் நிறுவிய லிண்டன் லேப் என்னும் நிறுவனம், 2003ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் ‘செகண்ட் லைஃப்’ என்ற மெய்நிகர் உலகைப் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டது. இரண்டாம் வாழ்வு என்பது அப்பெயரின் பொருள். அங்கே எல்லாரும் அடைய வேண்டிய இலக்கு எதுவும் வகுக்கப்படவில்லை. நுழைபவர் ஓர் உருவத்தைப் பெறுகிறார். நடக்கலாம், பறக்கலாம், பிறரோடு உரையாடலாம், நிலம் பெற்று வீடு கட்டலாம். அங்குள்ள உடைகளிலும் தட்டுமுட்டுப் பொருள்களிலும் மிகப் பெரும்பாலானவை நிறுவனத்தார் செய்தவை அல்ல. குடியிருப்போரே செய்து தமக்குள் விற்றுக்கொள்பவை. தாம் படைத்த பொருளின் உரிமை படைத்தவர்க்கே உரியது என நிறுவனம் 2003ஆம் ஆண்டிலேயே அறிவித்தது. அங்கு வழங்கும் லிண்டன் டாலர் என்னும் நாணயத்தை உண்மைப் பணமாக மாற்றிக்கொள்ளலாம். ஓர் அமெரிக்க டாலருக்கு ஏறத்தாழ 250 லிண்டன் டாலர் என்பது கணக்கு. ஆதலால் அங்கே உடை செய்து விற்பவர் தையற்கலைஞர் ஒருவரைப் போல வருவாய் ஈட்ட இயலும்.

நிலமும் அளவுக்கு உட்பட்டதே. ஒரு வட்டாரம் என்பது 256 மீட்டர் நீளமும் 256 மீட்டர் அகலமும் கொண்ட சதுரம். மனை ஒன்றில் எத்தனை பொருள்கள் வைக்கலாம் என்பதற்கும் வரம்புண்டு. 1024 சதுர மீட்டர் மனைக்கு 351 அலகுகள் என்பது வழக்கமான அளவு. எளிய நாற்காலி ஓர் அலகில் அடங்கலாம். கிளைதோறும் விளக்குப் பூட்டிய மரமோ பல அலகுகளை எடுத்துக்கொள்ளும். பெரிய மரம் வேண்டுமானால் வேறு எதையேனும் அகற்றியாக வேண்டும். எல்லையற்ற கற்பனை எனப்படும் இடத்திலும் சிறு வீட்டில் குடியிருப்போரின் சிக்கனக் கணக்கு நுழைந்துவிடுகிறது.

இந்தோனேசியாவில் களஆய்வு செய்த மானிடவியலாளர் டாம் பெல்ஸ்டார்ஃப், ஒரு கிராமத்தில் தங்கி ஆராய்வதைப் போலவே இவ்வுலகிலும் தங்கி ஆராய்ந்து, 2008ஆம் ஆண்டில் ‘கமிங் ஆஃப் ஏஜ் இன் செகண்ட் லைஃப்’ என்னும் நூலை வெளியிட்டார். அங்கு நிலவுவது வெளியுலகின் வெறும் நிழலன்று, தனக்கெனப் பழக்கங்களும் உறவுகளும் உடைய பண்பாடு என்பது அவர் வந்தடைந்த முடிவு. பண்பாடு ஒன்றை அதன் உள்ளிருந்து அறிந்த பின்னரே மதிப்பிட வேண்டும் என்பதை அருட்பணி வரலாற்றிலிருந்து நாமும் கற்றிருக்கிறோம்.

2. டிசம்பர் மாத அலங்காரம்

ஆண்டிறுதி நெருங்கும்போது அவ்வுலகின் பல பகுதிகளில் தரை வெண்மையாகிறது. நிலத்துக்கு உரியவர் பச்சைப் புல்லின் தோற்றத்தை நீக்கிப் பனியின் தோற்றத்தை விரிக்கிறார். வானிலிருந்து பனி பொழியச் செய்யும் பொருள்கள் விற்கப்படுகின்றன. மரவீடு, கல்லடுப்பில் எரியும் நெருப்பு, அடுப்பின் மேல் தொங்கும் காலுறைகள், சாளரத்தில் மெழுகுவர்த்தி, முற்றத்தில் பனிமனிதன் என வீடு நிரம்புகிறது. நாற்காலியில் அமர்ந்தால் உருவம் தானாகவே கோப்பையை ஏந்திப் பருகும். அவ்வசைவுகள் நாற்காலிக்குள்ளேயே பொதியப்பட்டுள்ளன. உருவங்களுக்குக் கம்பளிச் சட்டை, கழுத்துத் துணி, கையுறை, சிவப்பு வெல்வெட்டு மேலாடை ஆகியன அணிவிக்கப்படுகின்றன. கடைகள் பல, டிசம்பர் முதல் நாள் தொடங்கி நாளொன்றுக்கு ஒன்றாகப் பரிசுகளை இலவசமாகத் திறந்து வைக்கின்றன. நம் வழிபாட்டு ஆண்டின் திருவருகைக் காலம் அங்கே ஒரு வணிக நாட்காட்டியாக மறுபிறவி எடுத்திருக்கிறது.

இவ்வேலைப்பாட்டில் உண்மையான கலைத்திறன் இருப்பதை மறுப்பதற்கில்லை. அறை முழுவதையும் இருளில் வைத்து ஒரு மூலையை மட்டும் ஒளிரச் செய்யும் நயம், பொருள்களுக்கிடையே விடப்படும் இடைவெளி, நிறங்களை இரண்டு மூன்றுக்குள் அடக்கும் கட்டுப்பாடு ஆகியவை தேர்ந்த கண்களுக்கே வாய்ப்பவை. சிறந்த அலங்கரிப்பாளர் தம் வீட்டில் ஒழுங்கீனத்தையும் சிறிது சேர்க்கிறார். பாதி கடித்த பிஸ்கட்டு, வாசலில் ஈரக் காலணி, கத்தரிக்கோலுக்கு அருகே சுருண்டு கிடக்கும் பரிசுத்தாள் ஆகியவற்றைச் செய்து விற்பதற்கெனவே கைவினைஞர்கள் இருக்கிறார்கள். இது ஆழ்ந்து கவனிக்கத்தக்கது. உடலுள்ளோர் வாழும் வீட்டில் குப்பை தானே சேருகிறது. உடலில்லாத வீட்டிலோ அதனையும் விலை கொடுத்து வாங்கித்தான் பரப்ப வேண்டியிருக்கிறது. மாசற்ற வீடு வாழும் வீடாகத் தோன்றுவதில்லை என்பதை அக்கலைஞர்கள் உணர்ந்திருக்கிறார்கள். நம் இல்லங்களிலும் ஆலயங்களிலும் பண்டிகைக்கென எதையெதை ஒளித்து வைக்கிறோம் என்பதை எண்ணும்போது, அவர்களுடைய உணர்வு நம்முடையதைவிடக் கூர்மையானது எனலாம்.

குறைகளும் உள. பொழியும் பனிக்குக் கூரை தடையாவதில்லை. பனித்துகள்கள் ஓட்டை ஊடுருவி வரவேற்பறைக்குள் விழும். ஆகவே பனி பொழியும் பொருளை வீட்டைவிட்டு எட்டத்தில் வைக்கத் தெரிந்திருக்க வேண்டும். அப்பனி யாரையும் நடுங்க வைப்பதுமில்லை. கம்பளி உடை அங்கே குளிரைத் தடுக்க அன்று, குளிர் இருப்பதாகக் காட்டவே அணியப்படுகிறது. வீடு என்பது காற்றுக்கும் மழைக்கும் மறைவாக மனிதர் தேடிக்கொண்ட அடைக்கலம். அடைக்கலம் தேவைப்படாதோர்க்கு வீடு ஒரு காட்சிப் பொருளாகிவிடுகிறது.

மற்றொன்று பொழுதைப் பற்றியது. செகண்ட் லைஃபில் இயல்பாக ஒரு நாள் என்பது நான்கு மணி நேரம். மூன்று மணி பகல், ஒரு மணி இரவு. ஆனால் நிலத்துக்கு உரியவர் கதிரவனைத் தாம் விரும்பிய இடத்தில் நிறுத்திவைக்கலாம். விளக்கு அலங்காரம் எடுப்பாகத் தெரிய வேண்டுமென்று பலர் அந்திப் பொழுதிலோ நள்ளிரவிலோ அதனை நிறுத்திவிடுகிறார்கள். விளைவாக, விடியாத கிறிஸ்மஸ் இரவு ஒன்று வாரக்கணக்கில் நீடிக்கிறது. திருவருகைக் காலத்தின் இருள், விடியலை நோக்கிக் காத்திருக்கும் இருள். விளக்குகள் அழகாகத் தெரியும்பொருட்டு விடியலையே தள்ளிவைக்கும் அலங்காரம் தன் பொருளைத் தானே மறந்துவிடுகிறது. கலை நோக்கிலும் இது குறையே. மாறாத ஒளியில் நிற்கும் அறை, எத்துணை அழகாயினும், விரைவில் சலித்துவிடும்.

3. எங்கிருந்து வந்த பண்டிகை?

அங்கே காணப்படும் கிறிஸ்மஸ் எந்த நாட்டினுடையது என்று கேட்டால், பெரும்பாலும் பத்தொன்பதாம் நூற்றாண்டு இங்கிலாந்தையும் அமெரிக்காவையும் சேர்ந்தது என்றே விடை வரும். 1843இல் வெளிவந்த சார்ல்ஸ் டிக்கென்ஸின் ‘எ கிறிஸ்மஸ் கேரல்’ என்னும் கதையும், 1848இல் ‘இல்லஸ்ட்ரேட்டட் லண்டன் நியூஸ்’ இதழில் வெளியான விக்டோரியா அரச குடும்பத்தாரின் கிறிஸ்மஸ் மரப் படமும் இல்லப் பண்டிகையின் உருவத்தை மக்கள் மனத்தில் பதித்தவற்றுள் முக்கியமானவை. எந்தத் தட்பவெப்பத்தையும் தெரிந்தெடுக்கும் உரிமை இருந்தும் மக்கள் மீண்டும் மீண்டும் அதே பனிக்கிராமத்தையே கட்டுகிறார்கள். வரம்பற்ற உரிமை புதுமையைப் பிறப்பிக்கும் என்ற நம்பிக்கை இங்கே பொய்க்கிறது.

எனினும், அலங்காரத்தைப் பற்றிய வழக்கு திருச்சபைக்குப் புதிதன்று. 1223இல் அசிசி நகர் பிரான்சிஸ் கிரேச்சியோ என்ற ஊரில் வைக்கோலும் எருதும் கழுதையும் கொண்டு பிறப்புக் காட்சியை அமைத்தார். ஏழையாகப் பிறந்தவரைக் கண்ணாரக் காண்பதே அவருடைய நோக்கம். 1659இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் குடியேற்றத்தில் பியூரிட்டன் சீர்திருத்தச் சபையார் கிறிஸ்மஸ் கொண்டாடுவோர்க்கு ஐந்து ஷில்லிங் தண்டம் விதித்துச் சட்டம் இயற்றினர். 1681இல் அது நீக்கப்பட்டது. ஒருபுறம் காண்பதன் மூலம் விசுவாசம் வளரும் என்ற நம்பிக்கை. மறுபுறம் காட்சி உண்மையை மறைத்துவிடும் என்ற அச்சம். இவ்விரண்டும் நம் சீர்திருத்தத் திருச்சபை மரபுக்குள் இன்றும் வாழ்கின்றன. மெய்நிகர் அலங்காரத்தை மதிப்பிடுங்கால் பிரான்சிஸின் கேள்வியையே நாம் எழுப்ப வேண்டும்: இக்காட்சி எவரைக் காணச் செய்கிறது?

4. கொடுக்க இயலாத அங்கி

செகண்ட் லைஃபில் விற்கப்படும் ஒவ்வொரு பொருளோடும் மூன்று உரிமைகள் இணைந்துள்ளன. பிரதி எடுக்கும் உரிமை, மாற்றி அமைக்கும் உரிமை, பிறருக்குக் கைமாற்றும் உரிமை என்பன அவை. இவற்றுள் எவை வாங்குபவருக்கு உண்டு என்பதைச் செய்தவர் தீர்மானிக்கிறார். பிரதியும் எடுத்துக் கைமாற்றவும் இயலுமானால் ஒரு பொருளே ஓராயிரமாகிச் செய்தவரின் பிழைப்புக் கெடும். ஆதலால் பொதுவாக ஒன்றை அளித்து மற்றதை மறுத்துவிடுகிறார்கள். கடையில் வாங்கும் மேலாடை பெரும்பாலும் பிரதி எடுக்கத்தக்கது, ஆனால் பிறருக்குக் கொடுக்க இயலாதது. அதை வாங்கியவர் தமக்கென நூறு பிரதிகள் எடுத்து அடுக்கி வைத்துக்கொள்ளலாம். ஆடையின்றி வரும் புதியவர் ஒருவருக்கு அவற்றுள் ஒன்றைக்கூடக் கழற்றித் தர முடியாது.

கைவினைஞரின் கூலியைக் காக்கும் இவ்வேற்பாடு அநீதியானதன்று. எனினும் இறையியல் நோக்கில் இது நம்மைத் திடுக்கிட வைக்கிறது. இரண்டு அங்கிகளை உடையவர் இல்லாதவரோடு பகிர்ந்துகொள்ள வேண்டும் என்பது யோவான் ஸ்நானகன் கொடுத்த மனந்திரும்புதலின் முதல் கனி (லூக்கா 3:11). நற்செய்தியில் அப்பங்கள் பகிர்ந்தளிக்கப்படும்போது பெருகுகின்றன. இங்கோ பொருள்கள் பெருகியும் பகிரப்பட இயலாதவையாய் நிற்கின்றன. பெருக்கத்துக்கும் பகிர்வுக்கும் இடையேயுள்ள உறவு அறுந்துபோன ஒரு பொருளாதாரம் எத்தகையது என்பதை அவ்வுலகம் அப்பட்டமாகக் காட்டுகிறது. தானியக் கிடங்குகள் நிரம்பியிருந்தும் பட்டினி நீங்காத நம் உலகுக்கு இது அந்நியமான காட்சியுமன்று.

மறுபக்கத்தையும் கூறுவது நேர்மை. கடைகள் நாள்தோறும் தரும் இலவசப் பரிசுகளால் கையில் காசில்லாத புதியவர்கள் பயனடைகிறார்கள். ஒருவர் பெயரில் பரிசாக வாங்கி அனுப்பவும் வழியுண்டு. அமெரிக்கப் புற்றுநோய்ச் சங்கம் நிதி திரட்டும் நடைப்பயணம் 2005ஆம் ஆண்டு முதல் அவ்வுலகிலும் நடத்தப்பட்டு, பெருந்தொகை உண்மைப் பணமாகச் சேர்க்கப்பட்டிருக்கிறது. இதனோடு ஜப்பானிய நிறுவனமான நின்டெண்டோ 2020இல் வெளியிட்ட ‘அனிமல் கிராஸிங்: நியூ ஹொரைசன்ஸ்’ என்னும் விளையாட்டை ஒப்பிடுவது பயன் தரும். அதில் கிறிஸ்மஸ் என்ற பெயரே இல்லை; டிசம்பர் 24ஆம் நாள் ‘பொம்மை நாள்’ எனப்படுகிறது. விளையாடுபவர் கலைமான் ஒன்றுக்கு உதவியாகத் தீவில் வாழும் விலங்குகள் அனைத்துக்கும் பரிசு கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். அங்கே கொடுத்தல் இருக்கிறது. பெறுவோர் மனிதர் அல்லர், கணினி நிரல்கள். செகண்ட் லைஃபில் மனிதர் இருக்கிறார்கள், கொடுத்தல் கடினமாக்கப்பட்டிருக்கிறது. உண்மையான ஒருவருக்குத் தம்முடையதைக் கொடுத்து அதனால் தாம் குறைவுபடுதல் இவ்விரண்டிலும் அரிதாகவே நிகழ்கிறது. குறைவுபடாமல் கொடுப்பது ஈகை ஆகுமா என்பது நம் சபைகளின் பண்டிகைக் கால ஏழையர் உதவிகளையும் நோக்கிக் கேட்கப்பட வேண்டிய கேள்வியாகும்.

5. அவதாரமும் மாம்சமாதலும்

அவ்வுலகில் ஒருவருடைய உருவத்துக்கு வழங்கும் பெயர் ‘அவதார்’ என்பது. 1980களின் நடுவில் ‘ஹேபிடட்’ என்னும் கணினி விளையாட்டை அமைத்தவர்கள் இச்சொல்லை இப்பொருளில் பயன்படுத்தினர். 1992இல் வெளிவந்த நீல் ஸ்டீபன்சனின் ‘ஸ்னோ கிராஷ்’ நாவல் இதைப் பரவலாக்கியது. மேலிருந்து இறங்கி வருதல் என்ற பொருளுடைய இந்த வடசொல்லைத் தமிழ்நாட்டுக் கிறிஸ்தவ இறையியலாளர்கள் அதற்கு அரை நூற்றாண்டுக்கும் முன்பே எடைபோட்டுப் பார்த்திருக்கிறார்கள். ஆகவே இவ்விவாதத்தில் நாம் வெறுங்கையோடு நுழையவில்லை.

சென்னையைச் சேர்ந்த வெங்கல் சக்கரை 1920களில் எழுதிய ‘ஜீசஸ் தி அவதார்’ என்னும் நூலில் இயேசுவை அவதாரம் என்றே துணிந்து அழைத்தார். ஆயினும் ஒரு முக்கிய வேறுபாட்டை வலியுறுத்தினார். மற்ற அவதாரங்கள் ஒரு காரியத்துக்காக எடுக்கப்பட்டு, அது முடிந்ததும் களையப்படுபவை. இயேசுவிலோ இறைவன் ஏற்ற மனிதத்துவம் என்றும் நிலைத்திருப்பது. கோயம்புத்தூர்ப் பேராயராயிருந்த ஏ. ஜே. அப்பாசாமி, இராமானுஜரின் உடல்-ஆன்ம உறவு பற்றிய சிந்தனையைக் கிறிஸ்தவ இறையியலுக்குப் பயன்படுத்தினார். ஆன்மாவால் முற்றிலும் ஆளப்பட்டு அதன் நோக்கத்துக்கே உரியதாய் இருப்பது எதுவோ அதுவே அதன் உடல் என்பது இராமானுஜரின் விளக்கம். இவ்வளவுகோலை மட்டும் வைத்துப் பார்த்தால், திரையில் தோன்றும் உருவம் நம்முடைய சொந்தச் சரீரத்தைவிடச் சிறந்த உடல் என்றுகூட வாதிட இடமுண்டு! அது சொன்னபடி நடக்கிறது, பசிப்பதில்லை, மூப்படைவதில்லை, நேற்றைய முகம் பிடிக்கவில்லையானால் இன்று வேறு முகம் வாங்கிக்கொள்ளலாம்.

இங்கேதான் பெத்லகேமின் நற்செய்தி குறுக்கிடுகிறது. நம் ஆண்டவர் எடுத்த சரீரம் ஆளுவதற்கு எளிதான சரீரமன்று. களைத்தது, தாகங்கொண்டது, அழுதது. அடிமையின் ரூபத்தை அவர் ஏற்றது அவருடைய சொந்த விருப்பமே (பிலிப்பியர் 2:7). ஆனால் எதை விரும்பினார்? தெரிந்தெடுக்கும் உரிமையை விட்டுக்கொடுப்பதையே தெரிந்தெடுத்தார். பிறந்த ஊரைப் பேரரசனின் குடிமதிப்புக் கட்டளை தீர்மானித்தது. படுத்த இடத்தைச் சத்திரத்தில் இடமில்லாமை தீர்மானித்தது. உடையோ பிறர் கைகளால் சுற்றப்பட்ட துணி.

உடை என்னும் பொருளை நற்செய்தி நூல்களில் தொடர்ந்து நோக்கினால் இவ்வுண்மை மேலும் தெளிவாகும். பிறக்கும்போது தாய் துணியால் சுற்றுகிறாள் (லூக்கா 2:7). சிலுவையில் போர்ச்சேவகர் உடையைக் கழற்றிப் பங்கிடுகிறார்கள் (யோவான் 19:23). மரித்தபின் நண்பர்கள் சீலைகளால் சுற்றுகிறார்கள் (யோவான் 19:40). வாழ்வின் இரு முனைகளிலும் அவர் பிறரால் உடுத்தப்பட்டார். முதுமையில் வேறொருவன் உனக்கு அரைக்கச்சை கட்டுவான் என்ற கருத்துப்பட அவர் பேதுருவுக்கு உரைத்ததும் (யோவான் 21:18) இதே பாதைக்கான அழைப்பே. தன்னைத் தானே உடுத்திக்கொள்ள இயலாமை மனிதராயிருப்பதன் இழிவன்று. அவ்வியலாமையிலும் இறைவன் நம்மோடிருக்கிறார்.

தொடக்கத் திருச்சபை எதிர்த்த தோற்றக் கொள்கை, கிறிஸ்துவின் உடல் வெறும் தோற்றமே என்று கற்பித்தது. அந்தியோக்கியாவின் பேராயர் இக்னேஷியஸ் அதனை மறுத்து, அவர் உண்மையாகவே பிறந்தார், உண்மையாகவே பாடுபட்டார் என்று வலியுறுத்தினார். பாடு இல்லாத உடலில் மீட்பு இல்லை என்பது அப்போராட்டத்தின் உட்பொருள். உயிர்த்தெழுந்த கிறிஸ்துவின் கைகளிலும் காயங்கள் இருந்தன. அமெரிக்க இறையியலாளர் நான்சி ஐஸ்லண்ட் 1994இல் வெளியிட்ட ‘தி டிஸேபிள்ட் காட்’ என்னும் நூலில், அக்காயங்களை உடல் ஊனமுற்றோர் நோக்கிலிருந்து விளக்கி, மகிமையின் சரீரம் தன் வடுக்களைத் துறந்துவிடவில்லை என்று காட்டினார். களையப்படாத மனிதத்துவம் என்று சக்கரை கண்டதும் இதனோடு ஒத்துச் செல்கிறது. திரையில் உள்ள அவதாரில் வடு இருக்க வேண்டுமானால் அதனையும் கடையில் தேடித்தான் ஒட்ட வேண்டும்.

6. ஆயரின் கடமை

இவ்வளவும் கூறிய பின்னர், நடைமுறைக் கேள்வி ஒன்று எஞ்சுகிறது. ஆண்டுக்கணக்கில் கட்டிலோடு கிடக்கும் சபையார் ஒருவர், கையில் இன்னும் அசையும் இரண்டு விரல்களால் அவ்வுலகில் வீடொன்றை அலங்கரித்து, கிறிஸ்மஸ் இரவில் தம் ஆயருக்குப் பெருமிதத்தோடு காட்டுவாரானால், ஆயர் என்ன கூறுவார்? தோற்றக் கொள்கையைப் பற்றிய விரிவுரை அங்கே கொடுமையாகிவிடும்.

செகண்ட் லைஃபில் ஊனமுற்றோரும் நோயுற்றோரும் ஒருவருக்கொருவர் துணையாயிருக்க ‘வெர்ச்சுவல் எபிலிட்டி’ என்னும் குழுவினர் தீவு ஒன்றை அமைத்துள்ளனர். நடக்க இயலாதோர் சிலர் அங்கே நடனமாடுகிறார்கள். வேறு சிலர் அங்கேயும் சக்கர நாற்காலியிலேயே தோன்றுகிறார்கள். தம் மெய்யான உடலை மறைக்க அவர்கள் விரும்பவில்லை. இவ்விரு சாரார் முன்னும் திருச்சபை தாழ்மையோடு நிற்க வேண்டும். ஏனெனில், அவர்கள் அங்கே வீடு தேடியதற்கு நம் ஆலயப் படிக்கட்டுகளும் ஒரு காரணமாக இருக்கலாம். சக்கர நாற்காலி ஏற வழியில்லாத ஆலயத்துக்குள் நின்றுகொண்டு மாம்சமாதலைப் பிரசங்கிக்கும் நாம், உடலை மறந்தவர்கள் என்று பிறரைக் குற்றஞ்சாட்டுவது எங்ஙனம் பொருந்தும்?

திருச்சபை அவ்வுலகங்களுக்குள் செல்ல முயன்றதும் உண்டு. 2004இல் இங்கிலாந்தில் மெதடிஸ்டு திருச்சபையின் ஆதரவோடு ‘சர்ச் ஆஃப் ஃபூல்ஸ்’ என்னும் திரை ஆலயம் திறக்கப்பட்டது; அங்கே உருவங்கள் முழந்தாளிட்டு ஜெபித்தன. 2007இல் செகண்ட் லைஃபில் ‘எபிஃபனி’ என்ற தீவில் ஆங்கிலிக்கன் பேராலயம் ஒன்று எழுந்து, வாசிப்பும் ஜெபமும் கொண்ட ஆராதனைகள் நடைபெற்றன. 2020ஆம் ஆண்டுக் கொள்ளைநோயின்போது நம் சபைகளும் திரை வழியே ஆராதித்தன. தூரத்திலிருப்போரை வார்த்தை அடையக்கூடும் என்பதை இவை மெய்ப்பித்தன. ஆனால் அப்பத்தைப் பிட்டுக் கையில் தருவதற்கும், நோயாளியின் தலையில் கை வைப்பதற்கும், அவருக்கு உடை மாற்றிவிடுவதற்கும் திரை வழியில்லை.

ஆகவே நம் முடிவு இது. மேற்கூறிய சபையாரின் மெய்நிகர் வீட்டை ஆயர் பொறுமையோடு சுற்றிப் பார்க்கட்டும்; மரத்தையும் விளக்குகளையும் மனமாரப் பாராட்டட்டும்; அது அன்போடு செய்யப்பட்ட வேலை. அவ்வீட்டின் குறையை அவர் வாயால் சொல்ல வேண்டியதில்லை. கட்டிலைச் சுற்றியுள்ள மெய்யான அறையில், தெரிந்தெடுக்கப்படாத அந்த உடலின் அருகே, அவர் உட்காருவதே போதுமான திறனாய்வாகும். பண்டிகைக் காலத்தில் சபையின் வாலிபரும் தாய்மாரும் அவ்வறைக்கு முறை வைத்துச் சென்று, தலை சீவிவிட்டு, புதிய உடை உடுத்தி, போர்வை மாற்றி, அப்பமும் இரசமும் பகிர்ந்துகொள்வார்களானால், கொடுக்க இயலும் அங்கி எது என்பது தெளிவாகும். நம் சபைகளில் இத்தகையோர் எத்தனை பேர், அவர்களைக் கடைசியாகச் சந்தித்தது எப்போது என்ற கணக்கைத் திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறுக்கு முன்னர் ஒவ்வொரு குருசேகரமும் எடுத்துப் பார்க்கும்படி வேண்டுகிறோம்.